கற்பனை உலகுக்கு விலங்கினங்களைப் படைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிகுபுனைவுக் கதைகளுக்காகவும் விளையாட்டுகளுக்காகவும் புதிய உலகங்களைக் கட்டுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் விடைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம். ஒரு விலங்கிடம் உள்ள ஒவ்வோர் அதிசயத்துக்கும் அது ஏதேனும் ஒரு விலை கொடுத்திருக்க வேண்டும். அந்த விலை உணவாகவோ உறக்கமாகவோ வேகமாகவோ குட்டிகளின் எண்ணிக்கையாகவோ செலுத்தப்படுவது தெரிந்தால்தான் வாசகர் அதை உயிருள்ளதாக ஏற்றுக்கொள்கிறார். பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க, நான் படைத்த ‘தூவல்மா’ என்னும் விலங்கை இடையிடையே எடுத்துக்காட்டாகக் காட்டுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் படம் வரைந்துகொள்ளலாமா?

வரையலாம், ஆனால் வரைந்த உருவம் அழகாக வந்துவிட்டது என்பதற்காகவே அதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். இடத்திலிருந்து தொடங்குவதுதான் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

தூவல்மா உருவான விதத்தைச் சொல்கிறேன். மழையே பெய்யாத ஒரு பாறை மேட்டுநிலத்தை முதலில் எண்ணிக்கொண்டேன். அங்கே ஆறு இல்லை, சுனை இல்லை. விடியலுக்கு முன் கடலின் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து, ஒரு நாழிகை நேரம் தங்கி, வெயில் பட்டதும் கலைந்துவிடுகிறது. ஆட்டளவே உள்ள ஒரு தாவர உண்ணி இந்த இடத்தில் தண்ணீருக்கு என்ன செய்யும்? நம் உலகிலேயே இதற்கு விடை உண்டு. நமீப் பாலைவனத்தின் கருவண்டு ஒன்று மணல்மேட்டின் உச்சியில் தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நின்று, மூடுபனி தன் முதுகில் துளியாகத் திரண்டு வாய்க்கு வழிந்தோடும்படி செய்கிறது. ஆஸ்திரேலியாவின் முள்பல்லி ஒன்று தன் தோலிலுள்ள நுண்ணிய பள்ளங்கள் வழியாக ஈரத்தை வாய்வரை கடத்துகிறது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டபோது, என் விலங்கின் முதுகில் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நிமிரும் மெல்லிய முள்ளிறகுகள் முளைத்தன. அவற்றில் படியும் நீர் கழுத்தின் இருபுறமும் உள்ள பள்ளங்கள் வழியாகக் கடைவாய்க்கு வருகிறது. தமிழில் தூவல் என்றால் இறகு. தூறலுக்கும் அதே பெயர்தான். ஆகவே பெயரும் அங்கேயே கிடைத்துவிட்டது.

அதன் பிறகுதான் விலை என்ன என்று கேட்டேன். நீர் வேண்டுமானால் அந்த விலங்கு காற்றுக்குக் குறுக்காக, ஒரு நாழிகை நேரம், அசையாமல், குளிரில் நனைந்துகொண்டு, எதிரில் நிற்பது எதுவென்று தெரியாத வெண்மைக்குள் நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் எதுவும் அதை வேட்டையாடிவிடலாம். இந்த ஓர் இடரே அதன் வாழ்க்கை முழுவதையும் வகுத்துவிட்டது: அவை தோளோடு தோள் ஒட்டிக் கூட்டமாக நிற்கும், கூட்டத்தில் ஒன்று மட்டும் முள்ளிறகுகளை மடித்துக்கொண்டு காவல் நிற்கும், காவல் நின்றது அன்று முழுவதும் தாகத்தோடு மேயும், மறுநாள் வேறொன்று காவலுக்கு வரும். இவற்றில் எதையும் நான் தனியாக யோசித்துச் சேர்க்கவில்லை. முதல் கேள்விக்கு நேர்மையாக விடை தேடியபோது ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன.

இரண்டு மூன்று விலங்குகளின் உறுப்புகளைச் சேர்த்தால் புதிய விலங்கு ஆகிவிடாதா?

ஆகும். சிங்க உடலும் துதிக்கையும் கொண்ட யாளி அவ்வாறு உருவானதுதான். கல்லில் அதற்குரிய கம்பீரம் குறைவின்றி இருக்கிறது. ஆனால் கல்லில் நிற்கும் யாளிக்குப் பசி இல்லை. கதைக்குள் வரும் யாளி தன் துதிக்கையால் எதைப் பறிக்கிறது, இறைச்சி தின்னும் வாய்க்கு அது இடைஞ்சலாக இல்லையா என்பதற்கு நீங்கள் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

இயற்கையே இப்படிப்பட்ட சேர்க்கைகளைச் செய்திருப்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த பிளாட்டிபஸின் தோலை 1799-இல் விவரித்த ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகை வேறொரு விலங்கின் உடலில் ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று ஐயப்பட்டார். அது முட்டையிடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஆணின் பின்னங்காலில் நஞ்சுள்ள முள் இருக்கிறது. ஆனால் அந்த அலகு வாத்தின் அலகைப் போன்ற கொம்புத்தன்மை உடையதன்று. அது மென்மையான தோலால் மூடப்பட்ட புலனுறுப்பு. கலங்கிய நீருக்குள் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு நீந்தும்போது இரையின் தசைகளில் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை அது உணர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது ஒட்டுப்போட்டது போலத் தெரிவது, அதன் வேலையை அறிந்தவுடன் ஒரே உடலாகத் தெரிகிறது. உங்கள் சேர்க்கையும் அந்த நிலையை எட்டினால் போதும்.

எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் படைக்கலாமா?

புதிதாக எழுதுவோர் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் இருமடங்கு பெரிதாக்கினால், அதன் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. எலும்பின் வலிமை குறுக்குவெட்டைப் பொறுத்தது என்பதால், எலும்பின் ஒவ்வோர் அலகுப் பரப்பும் முன்பு தாங்கியதைவிட இருமடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியதாகிறது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதை ஓர் எலும்பின் படத்தோடு விளக்கியிருக்கிறார்: பெரிய விலங்கின் எலும்பு நீளமாக மட்டும் இருந்தால் போதாது, அளவுக்கு மீறித் தடிக்கவும் வேண்டும். யானையின் கால்கள் தூண்களைப் போல நேராக நிற்பதும், யானையால் எம்பிக் குதிக்க முடியாததும் இதனால்தான்.

ஆகவே மானின் கால்களை வைத்துக்கொண்டு மலையளவு வளர்ந்த விலங்கைக் காட்டினால், காரணம் சொல்லத் தெரியாத வாசகருக்கும் ஏதோ பொருந்தவில்லை என்பது கண்ணில் பட்டுவிடும். எலியைப் பெரிதாக்கும்போது அதன் கால்களையும் கழுத்தையும் நடையையும் மாற்றுங்கள். ஓட்டம் குறையட்டும், அடிகள் நீளட்டும். நீரில் வாழ்வதாக வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுப்பாடு பெரிதும் தளரும். 100 டன்னுக்கு மேல் வளரும் நீலத் திமிங்கிலத்தின் எடையைக் கடல் சுமக்கிறது, கரையில் ஒதுங்கினால் அதன் உடலே அதை நசுக்குகிறது.

பெரிய உடலுக்கு உணவின் கணக்கும் உண்டு. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் தின்கிறது. அதற்காக நாளின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. சிறிய உடலின் நிலையோ வேறு விதமானது. மூஞ்சூறு சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே இறந்துவிடக்கூடும், ஏனெனில் சிறிய உடலில் எடையோடு ஒப்பிட வெப்பம் வெளியேறும் பரப்பு அதிகம். சிறியதாகப் படைத்தால் செலவில்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

என் விலங்கு ஆளைச் சுமந்து பறக்க வேண்டும். என்ன செய்யலாம்?

இன்று பறக்கும் பறவைகளில் மிகுந்த எடையுள்ளவற்றுள் ஒன்றான ஆப்பிரிக்காவின் கோரி கானமயில் ஏறத்தாழ 18 கிலோவுக்குள் நின்றுவிடுகிறது. அழிந்துபோன குவெட்சால்கோட்லஸ் என்னும் பறக்கும் ஊர்வனத்துக்குச் சிறகு விரிப்பு 10 மீட்டர் அளவில் இருந்தது. எடை 200 முதல் 250 கிலோ வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அது நான்கு கால்களாலும் தரையை உந்தி எழும்பியிருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆளைச் சுமக்கும் பறவையைப் படைப்போருக்கு இந்தக் கடைசிச் செய்தி பெரும் உதவி. எழும்புவதுதான் கடினம், காற்றில் ஏறிவிட்டால் மிதந்து செல்லலாம். எனவே செங்குத்துப் பாறையிலிருந்து மட்டுமே பறக்கத் தொடங்கும் ஊர்தி விலங்கை எண்ணிப் பாருங்கள். சமவெளியில் இறங்கிவிட்டால் அதனால் மீண்டும் எழ முடியாது. பயணி அதை மேட்டுக்கு நடத்திக் கூட்டிச் செல்ல வேண்டும். ஒல்லியானவர்கள் மட்டுமே தூதுவர்களாக முடியும். போர்க்களத்தில் அதை எங்கே இறக்குவது என்பது ஒரு தளபதியின் தலைவலியாகும். தடையை ஏற்றுக்கொண்டால் கதைக்கு இத்தனை கிடைக்கிறது.

மாயம் உள்ள உலகில் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

மாயத்தால் பறக்கிறது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதை நான் குறையாகவும் கருதவில்லை. ஆனால் மாயமும் ஒரு வளமே. அது எங்கிருந்து வருகிறது, எப்போது தீர்கிறது என்பதைச் சொல்லுங்கள். நிலவொளியைக் குடித்துப் பறக்கும் விலங்கு அமாவாசையன்று தரையில் கிடந்தாக வேண்டும்.

ஆறு கால்கள், நான்கு கண்கள், கூடவே சிறகுகள் என்று வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அந்த விலங்கின் உறவினர்களையும் அப்படியே வைக்க வேண்டும். நம் உலகில் முதுகெலும்புள்ள நிலவிலங்குகள் எல்லாம் நான்கு உறுப்புகள் கொண்ட ஒரே மூதாதையின் வழிவந்தவை. ஆகவே சிறகு வேண்டுமென்றால் முன்கைகளைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது: வௌவாலின் சிறகு விரல்கள் நீண்ட ஒரு கை, பறவையின் சிறகும் கையே, குவெட்சால்கோட்லஸின் இனத்தில் ஒற்றை விரல் மட்டும் நீண்டு சிறகைத் தாங்கியது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனிதக் கழுத்திலும் எலும்புகள் ஏழே. அங்கே எலும்புகள் நீண்டனவே அன்றி எண்ணிக்கை கூடவில்லை.

நான்கு கால்களும் முதுகில் இரண்டு சிறகுகளும் உள்ள ஒரு பறவைநாகத்தைப் படைத்தால், அந்த உலகில் ஆறு உறுப்புகள் கொண்ட ஒரு குடும்பமே இருக்க வேண்டும். சிறகு சுருங்கி முதுகில் இரண்டு கட்டிகளாக நிற்கும் ஓர் ஓணான், நடுக்கால்களைத் துடுப்பாக்கிய ஒரு நீர்விலங்கு, ஆறு கால்களாலும் வளை தோண்டும் ஒரு சிற்றுயிர் என்று இரண்டு மூன்று உறவினர்கள் கதையின் ஓரத்தில் தலைகாட்டினால் போதும். பறவைநாகம் அந்த மண்ணின் பிள்ளையாகிவிடும். புதிய உயிர்களைப் படைப்பதில் இதைவிட மனநிறைவு தரும் வேலை வேறொன்றை நான் அறியேன்.

உறவே இல்லாத விலங்குகள் ஒன்றுபோலத் தோன்றுவதும் உண்டு. சுறா மீன், டால்ஃபின் பாலூட்டி, அழிந்துபோன இக்தியோசர் ஊர்வனம். மூன்றும் வேகமாக நீந்த வேண்டியிருந்ததால் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே வடிவம் அமைந்தது.

என் காட்டில் பத்து வகைக் கொடிய விலங்குகள் இருக்கின்றன. மிகுதியா?

அவை எதைத் தின்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான், காட்டுப்பன்றி போன்ற விலங்குகளைக் கொன்று உண்கிறது. அந்த இழப்பை இனப்பெருக்கத்தால் ஈடுசெய்ய ஏறத்தாழ 500 இரைவிலங்குகள் கொண்ட கூட்டம் வேண்டும். ஒரு நிலையிலுள்ள உணவாற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அடுத்த நிலைக்குச் செல்கிறது என்னும் பொதுவான கணக்கை 1942-இல் வெளிவந்த ரேமண்ட் லிண்டமனின் ஆய்வோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மேலே ஒன்று நிற்க, கீழே பலநூறு நடமாட வேண்டும்.

என் மேட்டுநிலத்தில் 2000 தூவல்மாக்கள் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டேன். ஈர மயிரின் வாடையைத் தொடர்ந்து பனிக்குள் தவழ்ந்து வரும் கொன்றுண்ணி நான்குக்கு மேல் அங்கே பிழைக்க வழியில்லை என்று தெரிந்தது. முதலில் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. கூட்டம் கூட்டமாக அவை பாய்ந்து வரும் காட்சியை எழுதி வைத்திருந்தேன். அந்தக் காட்சியை நீக்கிய பிறகு, அந்த நான்கையும் மேட்டுநில மக்கள் ஒவ்வொன்றாக அடையாளம் அறிவார்கள் என்பது புரிந்தது. ஒன்றுக்கு இடது செவி கிழிந்திருக்கும். ஒன்று முதுமையால் இருமும். பனிக்குள்ளிருந்து அந்த இருமல் கேட்கும் இரவு, நாற்பது விலங்குகள் பாய்ந்து வரும் இரவைவிட அச்சம் தந்தது.

தீ உமிழ்தல், மின்னல் பாய்ச்சுதல் போன்ற ஆற்றல்களை எப்படி நம்பவைப்பது?

அவற்றை உடலில் எங்கே சேமித்து வைக்கிறது என்று கேளுங்கள். குண்டுவீச்சு வண்டு இரண்டு வேதிப்பொருள்களைத் தனி அறையில் வைத்திருந்து, நொதிகள் உள்ள மற்றோர் அறைக்குள் தள்ளி வினைபுரியச் செய்கிறது. வெளிவரும் நீர்மம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கிக் கொதிக்கிறது. மின்விலாங்கின் நீண்ட உடலில் பெரும்பகுதி மின்னுறுப்புகளாலேயே ஆனது. அவற்றுள் ஓர் இனம் 860 வோல்ட் வரை பாய்ச்சுவதை 2019-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. குடலும் கல்லீரலும் உள்ளிட்ட மற்ற உறுப்புகள் தலைக்கு அருகில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஆற்றலுக்கு இடம் கொடுத்தால் மற்றது ஒதுங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. உங்கள் தீ உமிழும் விலங்கும் ஒருமுறை உமிழ்ந்தபின் மூன்று நாள் பசியோடு அலையட்டும்.

அதற்கு எப்படிப்பட்ட புலன்களைக் கொடுப்பது?

கண்ணை மட்டும் கூர்மையாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழிவிரியன் பாம்புகள் இரையின் உடல் வெப்பத்தை உணர்கின்றன. யானைகள் நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள யானைகளோடு தொடர்பு கொள்கின்றன. உயிர்களைப் புலன்களால் வகுத்த தொல்காப்பியம், தொடுதல் மட்டும் உள்ளவற்றை ஓரறிவு என்று தொடங்கி, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்கிறது. அதில் எறும்பும் சிதலும் (கறையானும்) நாற்றம் அறியும் மூவறிவு உயிர்கள். எறும்பு வழிதேடுவது பெரிதும் நாற்றத்தால்தான் என்பதை நினைக்கும்போது, அந்தப் பார்வையின் கூர்மை என்னை இன்றும் நெகிழவைக்கிறது. ஒரு விலங்கின் உலகத்தை அதன் தலையாய புலன் வழியாகவே எழுதிப் பாருங்கள்.

நம் புலவர்கள் பாடிவந்த அசுணமா நல்ல பாடம். இனிய யாழிசைக்கு மயங்கி மறைவிலிருந்து வெளியே வரும் அந்த உயிர், பறையின் வன்மையான ஒலி கேட்டால் மாண்டுபோகும் என்பார்கள். இசையை நுகரும் நுட்பமே அதைக் கொல்கிறது. வரமும் சாவும் ஒரே செவியில் இருக்கின்றன.

பெயர் வைப்பதற்கு முறை ஏதும் உண்டா?

தமிழில் எழுதுவோருக்கு இங்கே பெருஞ்செல்வம் காத்திருக்கிறது. வாயில் நுழையாத ஒலிகளைக் கோத்துப் பெயர் செய்வதைவிட, அந்த விலங்கோடு வாழும் மக்கள் என்ன சொல்லி அழைப்பார்கள் என்று எண்ணுங்கள். அவர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் வெவ்வேறு சொற்கள் வைத்திருப்பார்கள். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக மட்டும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பதைத் தருகிறது; ஆணுக்குக் களிறு, ஏற்றை, கலை, மோத்தை, கடுவன் என்றும், பெண்ணுக்குப் பிடி, பிணை, பேடை, மந்தி, நாகு என்றும் நீள்கிறது. தூவல்மாவில் ஆண் மோத்தை, பெண் பிணை, குட்டி மறி. காவல் நிற்பதற்கு ‘வறளி’ என்று ஒரு தனிப் பெயரும் வைத்தேன். இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே அந்த மக்கள் எத்தனை தலைமுறைகளாக இவ்விலங்கைக் கவனித்து வந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

எத்தனை விலங்குகளைப் படைக்க வேண்டும்?

ஒரு கதைக்கு நன்றாகத் தெரிந்த மூன்று போதும். மற்றவை பெயரளவில் வந்துபோகலாம். ஆடும் நாயும் குதிரையும் அந்த உலகில் இருப்பதில் இழுக்கு ஏதும் இல்லை.

எல்லா விலங்கையும் பழக்கி வளர்க்கலாமா?

முடியாது. குதிரைக்கு நெருங்கிய உறவான வரிக்குதிரையை மனிதர்கள் பலமுறை முயன்றும் வீட்டு விலங்காக்க முடியவில்லை. பழக்குவது வேறு, பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து இனத்தையே மாற்றுவது வேறு. சைபீரியாவில் திமித்ரி பெல்யாயெவ் 1959-இல் தொடங்கிய சோதனையில், மனிதரிடம் அஞ்சாத நரிகளை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தபோது, சில தலைமுறைகளிலேயே அவற்றில் சிலவற்றுக்குச் செவி தொங்கியது, வால் சுருண்டது, உடலில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. ஆகவே உங்கள் உலகில் ஒரு விலங்கு ஆயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்கிறது என்றால், அதன் காட்டு உறவினத்திலிருந்து உருவத்திலும் மாறியிருக்க வேண்டும்.

தூவல்மாவை நான் பழக்கவில்லை. மறிக்கு இரண்டாம் ஆண்டில்தான் முள்ளிறகு முற்றுகிறது. பால் மறந்த பிறகும் அதுவரை தாயின் விலாவில் வழியும் நீரை நக்கித்தான் உயிர் வாழ்கிறது. தாயைப் பிரித்துக் கொண்டுவந்த மறி பிழைப்பதில்லை என்பதால், அதை வளர்க்க முயன்றவர்கள் எல்லாரும் தோற்றார்கள். உதிர்ந்த முள்ளிறகுகளைப் பொறுக்கி வலை பின்னிப் பனிநீர் சேர்ப்பதோடு மக்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

கதையில் அதை எப்படி அறிமுகப்படுத்துவது?

விளக்கமாகத் தொடங்கினால் கலைக்களஞ்சியம் வாசிப்பது போலாகிவிடும். அந்த விலங்கோடு வேலை உள்ள ஒருவரின் கையையும் கண்ணையும் பின்தொடருங்கள். நான் எழுதிய முதல் பத்தி இது:

“பனி கலையத் தொடங்கியதும் சிறுமி பாறை இடுக்கிலிருந்து எழுந்தாள். கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக உடலை உதறியது. நேற்றைய வறளி இன்று நடுவில் நின்று, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடியும் எண்ணினாள். ஈரமான பாறையில் ஓரிடம் மட்டும், நான்கு குளம்புகளுக்கு நடுவே, ஓர் உடலின் அளவுக்கு உலர்ந்திருந்தது.”